நகரும் நாடும்: கொற்கை வட்டாரம் காட்டும் சான்றுகள்

முன்னுரை

கொற்கை என்ற அளவில் முத்தும், பாண்டியர் துறைமுகமும், கடல் வாணிகமும் நினைவிற்கு வருதல் தமிழ் பயின்றார்க்கு இயல்பு. இன்று அவ்வூரை நேரிற் காண்பார்க்கோ வேறு காட்சி புலப்படும். கடலினின்று ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளடங்கி, வயலும் வாழைத்தோட்டமும் குளமும் சூழ, அமைதியான சிற்றூராக அது விளங்குகின்றது. 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்த அவ்வூர், அவ்வாண்டில் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் தூத்துக்குடி மாவட்டத்தைச் சார்ந்தது. ஒரு காலத்தில் நகரம் என்றும், மற்றொரு காலத்தில் சிற்றூர் என்றும் ஒரே நிலம் வழங்கப்பட்டதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுத் தென்பாண்டி நாட்டிற் கிடைத்தல் அரிது.

நகரத்தார் அறிவும் ஒழுக்கமும் மிக்கவர், நாட்டுப்புறத்தார் அவற்றிற் குறைந்தவர் என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. இதன் மறுதலையாக, நாட்டுப்புறத்தார் அனைவரும் கள்ளமற்றவர், நகரத்தார் அனைவரும் வஞ்சகர் என்னும் எண்ணமும் உண்டு. இவ்விரண்டும் வாழுமிடத்தைக் கொண்டு மக்களின் இயல்பை அளப்பன. அரசியற் கருத்து வேற்றுமை தோன்றுங் காலத்து இவ்வெண்ணங்கள் வலுப்பெறுகின்றன. எதிர்க்கருத்துடையானை மறுப்பதற்கு அவன் கருத்தை ஆராய்வதினும் அவன் ஊரையும் குலத்தையும் சுட்டுதல் எளிதாகத் தோன்றுகின்றது. கொற்கையையும் அதனைச் சூழ்ந்த பொருநைக் கரை வட்டாரத்தையும் நிலைக்களமாகக் கொண்டு, நகர்–நாட்டு வேற்றுமை ஆற்றாலும் ஆட்சியாலும் எழுத்தாலும் அமைந்ததேயன்றி மக்கள் இயல்பால் அமைந்ததன்று என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொற்கள் தரும் சான்று

முதற்கண் சொற்களை நோக்குவோம். சங்கச் செய்யுட்களில் 'நகர்' என்னும் சொல் பெரும்பாலும் மனை, மாளிகை, கோயில் என்னும் பொருள்களிலேயே பயில்கின்றது. மதுரை போன்ற பெருநகரும், குறிஞ்சி நிலத்துச் சிறுகுடியும் 'ஊர்' என்னும் ஒரே பெயருக்கு உரியனவாயின. மூதூர், பேரூர், சீறூர் என்ற அடைமொழிகள் பழமையையும் அளவையும் சுட்டுவன. அவற்றுள் இழிவுக் குறிப்பு இல்லை.

'நாகரிகம்' என்னும் சொல்லின் வரலாறு இதனினும் நோக்கத்தக்கது. நகரத்தொடு தொடர்புடைய அச்சொல் இன்று நகர வாழ்வின் வசதிகளையும் நடையுடைகளையும் குறிக்கின்றது. வள்ளுவர் அதனை ஆளுமிடமோ கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளாகும் (580). ஆண்டு அது பழகியவர்பாற் காட்டும் கண்ணோட்டத்தையே உணர்த்துகின்றது. நற்றிணை 355 ஆம் பாட்டிலும் இக்கருத்தே காணப்படுகின்றது. பழந்தமிழர் கருத்தின்படி, நாகரிகம் உடையவன் மதில்சூழ்ந்த ஊரில் வாழ்தல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. கால்நடைகளை அடைக்கும் பட்டியும் காடும் சேர்ந்த 'பட்டிக்காடு' வசைச்சொல்லாகப் பயில்வதும், 'நாகரிகம்' நகரின் புறத்தோற்றத்தைச் சுட்டுவதும் பிற்கால வழக்குகளாம்.

வேற்றுமையை முன்னோர் அறியாதிருந்தனர் என்று இதனாற் கொள்ளலாகாது. நற்றிணை 45 ஆம் பாட்டில், கடற்கரைச் சிறுகுடிப் பெண்ணை விரும்பிவந்த தேரூரும் தலைவனுக்குத் தோழி மறுமொழி கூறுகின்றாள். அவன் கொடி பறக்கும் அங்காடித் தெருக்களையுடைய மூதூரின் செல்வமகன். இவள் சுறாமீன் உணக்கலைக் கவரவரும் புள்ளை ஓட்டும் பரதவர் மகள். தங்கள்மேல் புலால் நாறுவதாகக் கூறி அவனை எட்டி நிற்கச் சொல்லும் அத்தோழி, தம் வாழ்வு தமக்கு நல்லதென்றும், தம்போல்வாருள்ளும் தலைமையுடையார் உண்டென்றும் முடிக்கின்றாள். நகரின் செல்வத்தை அவள் மறுக்கவில்லை. அச்செல்வம் மக்களை அளக்கும் அளவுகோல் ஆகாது என்பதே அவள் கூற்றின் சாரம். நகர்–நாட்டு வேற்றுமையைப் பற்றி நாட்டுப்புறத்தார் தரப்பினின்று எழுந்த தொன்மையான மறுமொழிகளுள் ஒன்றாக இப்பாட்டைக் கொள்ளுதல் தகும்.

2. பட்டினம் சிற்றூரான வகை

கொற்கையின் தொன்மையை அகழாய்வு உறுதி செய்துள்ளது. கால்டுவெல் கொற்கையிலும் பழையகாயலிலும் தாம் அகழ்ந்து கண்டவற்றை 1877 இல் வெளியிட்டார். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1968–69 இல் நிகழ்த்திய அகழாய்வில் உறைகிணறுகளும், சங்கறுக்கும் தொழிலின் அடையாளங்களும், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கிடைத்தன. ஆண்டுப் பெறப்பட்ட கரிமப் பொருள் ஒன்றின் காலம் கி.மு. 785 எனவும், அதில் 95 ஆண்டு கூடுதல் குறைவு இருக்கலாம் எனவும் கணிக்கப்பட்டது. 2021 இல் அத்துறை மீண்டும் அங்கு அகழாய்வு மேற்கொண்டது.

இத்துறைமுகம் தனித்து வாழ்ந்ததன்று. அதற்கு மேற்கே, பொருநைக் கரையில் ஆதிச்சநல்லூர் உள்ளது. அண்மையிலுள்ள சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றினுட் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று தமிழ்நாட்டு அரசு 2021 செப்டம்பரில் அறிவித்தது. கொற்கையின் முத்து வாணிகம் செழித்த காலத்திற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அதன் பின்னிலத்தில் நெல் விளைந்து, இறந்தார்க்குப் படைக்கும் சிறப்பையும் பெற்றிருந்தது என்பது இதனாற் போதரும். பட்டினத்திற்குச் சோறளித்தது இவ்வாற்றங்கரை நாடு. நாட்டின் விளைவுக்கு வெளியுலக வழியைத் திறந்தது பட்டினம். இவ்விரண்டையும் பகையாக்கிக் காண்பதற்குப் பழஞ்சான்று இடந்தரவில்லை.

பட்டினத்தினுள் வாழ்ந்தோர் யாவர் என்பதும் ஆராய்தற்குரியது. கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் 'எரித்திரேயக் கடற் பயணநூல்', கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று கூறுகின்றது. நம் புலவர் கண்ட காட்சி வேறு. சங்கு குளித்து மீளும் பரதவரைக் கொற்கை நகரே ஆரவாரித்து எதிர்கொள்வதாக அகநானூறு 350 ஆம் பாட்டுக் காட்டுகின்றது. மதுரைக்காஞ்சியில் கொற்கையின் முத்தும், சங்கறுப்போர் சேரியும், கள்ளுண்ணும் குடிகள் வாழும் பாக்கமும் ஒருங்கே கூறப்படுகின்றன. ஆண்டு 'நல்' என்னும் அடை கொற்கைக்கு உரியது. ஆயினும் அது அவ்வூராரையும் தழுவி நிற்கின்றது.

இவ்விரு சான்றுகளும் ஒன்றையொன்று பொய்யாக்குவன அல்ல. அரசு தண்டனை பெற்றோரைக் குளிப்பில் ஏவியிருத்தலும், பரதவர் தம் குலத்தொழிலாக அதனைச் செய்திருத்தலும் உடனிகழ்ந்திருக்கக் கூடும். ஆயின் அயல்நாட்டு வணிகனின் குறிப்பு ஒன்றை மட்டும் கொண்டு முத்துக்குளிப்போர் யாவரும் குற்றவாளிகள் என்று எழுதுவோமாயின், ஒரு பெருங்குடியினரின் உழைப்பையே பழியாக மாற்றியவராவோம். யார், எங்கிருந்து, எதன்பொருட்டு நோக்குகின்றார் என்பதை ஆராய்ந்த பின்னரே அவர் கூற்றைச் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.

இத்தகைய பட்டினம் சிற்றூரானது எவ்வாறு? பொருநை கொணர்ந்த வண்டல் முகத்துவாரத்தை நிரப்பியது. கடல் விலகியது. வாணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ சிறப்பித்துக் கூறிய துறைமுகம் காயலேயாகும். அதுவும் மணல்மேவி உள்ளடங்கியபின், போர்த்துகீசியர் காலத்தில் தூத்துக்குடி தலையெடுத்தது. அது 1658 இல் டச்சுக்காரர் வசமாகி, 1825 இல் ஆங்கிலேயர்க்கு மாறிற்று. அங்கும் ஆழமற்ற கடலால் நேர்ந்த இடர்ப்பாடு, 1974 இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படும் வரை முற்றும் தீரவில்லை. கொற்கையில் வாழ்ந்தோரின் அறிவோ ஆற்றலோ குறைந்தமையால் அது சிற்றூராகவில்லை. ஆறு தன் போக்கில் மண்ணைக் கொணர்ந்தது. மக்கள் கடலைத் தொடர்ந்து சென்றனர். சென்றவர் நகரத்தார் எனப்பட்டனர், நின்றவர் நாட்டுப்புறத்தார் எனப்பட்டனர்.

3. ஆயிரம் பொற்கொல்லர்

இனி, கொற்கையொடு தொடர்புடைய காப்பியச் செய்தி ஒன்றைக் காண்போம். பாண்டியன் நெடுஞ்செழியன் இறந்தபின் நாடு மழையின்றி வறுமையுற்றது. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியாக்கி வழிபட்டான். அதன்பின் மழை பெய்து நாடு செழித்தது. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையும் நீர்ப்படைக் காதையும் இதனைக் கூறுகின்றன. இது வரலாற்று நிகழ்ச்சியோ காப்பிய வழக்கோ என்னும் வினாவை ஈண்டு எழுப்புதல் நம் கருத்தன்று. இச்செய்தியின் அமைப்பே நமக்கு வேண்டுவது.

சிலப்பதிகாரம் வற்புறுத்தும் அரசியல் அறம், ஆராயாது தீர்ப்பளித்தல் கொடிது என்பதாகும். ஒரு பொற்கொல்லனின் சொல்லை நம்பி, அயலூரானாகிய கோவலனைக் கள்வன் என்று நெடுஞ்செழியன் துணிந்தான். அத்துணிவு அவன் உயிரையும் மதுரையையும் கொண்டது. அதற்குக் கழுவாய் தேடிய வெற்றிவேற் செழியன் செய்ததும் அதுவே. ஒருவனை ஆராயாது கொன்ற பிழையைப் போக்க ஆயிரவர் ஆராயப்படாமலே கொல்லப்பட்டனர். தனியொருவன் வஞ்சம், ஒரு தொழிலோரின் இயல்பாகக் கருதப்பட்டது. தப்பெண்ணம் இயங்கும் முறைக்கு இதனினும் சுருங்கிய விளக்கம் காண்டல் அரிது. அடிகள் இதனைக் குறைகூறாது விடுத்தமை, அக்காலத்தார் உள்ளத்தில் இம்முறை எத்துணை இயல்பாகப் படிந்திருந்தது என்பதற்குச் சான்றாகும்.

கொற்கையை அடுத்து 'அக்கசாலை' என்னும் இடம் உண்டு. அக்கசாலை ஈசுவரமுடையார் என்னும் பெயரிற் கோயிலும் உண்டு. அக்கசாலை என்பது பொன்வேலை செய்யுமிடத்தையும் காசடிக்கும் சாலையையும் உணர்த்தும் பழஞ்சொல். கொற்கைக் குளக்கரையில் வெற்றிவேற் செழிய நங்கை என்னும் பெயரில் அம்மன் கோயில் ஒன்றும் உள்ளது. அரசனின் பெயரை அம்மனின் பெயர் காத்தது. தொழிலின் பெயரை இடப்பெயர் காத்தது. பலியானதாகக் கூறப்படும் ஆயிரவருள் ஒருவர் பெயரையும் எவ்வேடும் காக்கவில்லை.

4. பள்ளில் வரும் ஏசல்

கருத்து வேற்றுமை ஊர்ப்பழியாக மாறும் வகையைப் பொருநைக் கரையில் எழுந்த முக்கூடற் பள்ளு நகைச்சுவையோடு காட்டுகின்றது. பொருநையும் சிற்றாறும் பிறவும் கூடும் சீவலப்பேரிப் பகுதியே முக்கூடல். உழவன் ஒருவனுக்கு மனைவியர் இருவர். மூத்தவள் முக்கூடலைச் சார்ந்தவள், திருமாலை வழிபடுவோள். இளையவள் மருதூரைச் சார்ந்தவள், சிவனை வழிபடுவோள். இருவர்க்கும் இடையே எழும் பூசல் குடும்பச் செய்தியில் தொடங்கி, ஊரைச் சென்று பற்றி, முடிவில் அவரவர் தெய்வத்தையும் இழுத்து ஏசுவதில் முடிகின்றது. மெய்யான பிணக்கு கணவன் யாரிடம் தங்குகின்றான், நெல் யார் வீட்டிற்குச் செல்கின்றது என்பதாகும். அதைத் தீர்க்க இயலாத இடத்து ஊரும் சமயமும் படைக்கலமாகின்றன.

ஏசலுக்குப்பின் இருவரும் ஒன்றுபடுதல் பள்ளு நூல்களின் மரபு. இருவர்க்கும் வயல் ஒன்று, கணவன் ஒருவன். ஆதலின் ஒன்றுபட்டாக வேண்டிய கட்டாயம் உண்டு. பண்ணைக்காரன் எள்ளப்படுவதும், உழவன் தொழுவில் மாட்டப்படுவதும் இந்நூலில் உடனிருக்கின்றன. உடையவனுக்கும் உழைப்பவனுக்கும் இடையிலான வேற்றுமையே ஆழமானது. பெண்டிர் இருவரின் ஏசல் அதனை நம் கண்ணினின்று சிறிதுநேரம் மறைக்கின்றது. நகர்–நாட்டுப் பூசல்களிலும் இவ்வாறு மறைவன உளவா என்று நாம் வினவுதல் வேண்டும்.

5. பாளையமும் கோட்டையும்

முன் பகுதிகளிற் கண்டவை பழஞ்செய்திகள். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வேற்றுமைக்கு அரசாணையின் வலிமை வாய்த்தது. ஆற்றுப் பாசனம் பெற்ற பொருநைக் கரையில் கோயில்களும் பழைய ஊர்களும் செறிந்திருந்தன. அதற்கு வடக்கே பரந்த கரிசல் காட்டிலும் மலையடிவாரத்திலும் பாளையங்கள் அமைந்திருந்தன. 1792 ஆம் ஆண்டு உடன்படிக்கையால், பாளையக்காரரிடம் கப்பம் பெறும் உரிமையைக் கிழக்கிந்தியக் கும்பினியார் பெற்றனர். கப்பம் யாருக்கு உரியது, எவ்வளவு உரியது என்பது அரசியல் வழக்கு. பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் அதனை அவ்வாறே எழுப்பினான். 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சாக்சனைக் கண்டபோது பூசல் முற்றியது. 1799 அக்டோபர் 16 இல் கயத்தாற்றில் அவன் தூக்கிலிடப்பட்டான். ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பி மீண்டும் எழுப்பிய கோட்டை 1801 மே மாதத்தில் வீழ்ந்து தரைமட்டமாக்கப்பட்டது.

பாளையத்தார் அனைவரும் ஒரே பக்கம் நின்றனர் அல்லர். எட்டையபுரத்தார் கும்பினிப் பக்கம் நின்றனர். இவ்வாறு பிளவுபட்டிருந்த மக்களை, வென்றவர் எழுதிய ஏடுகள் பலவிடத்தும் கொள்ளையர், கலகக்காரர் என ஒரே பெயரால் அடக்கின. வழக்கின் பொருள் மறைந்தது, வழக்காடியவரின் இயல்பு குற்றமாயிற்று.

காவல் முறையின் வரலாறு இதனைத் தெளிவுபடுத்தும். ஓர் ஊரின் காவலைப் பரம்பரையாக ஏற்றலைத் தலக்காவல் என்றும், பல ஊர்களுக்குப் பாளையக்காரர் ஏற்ற காவலைத் தேசகாவல் என்றும் வழங்கினர். களவு போன பொருளை மீட்டுத் தருதலும், இயலாதாயின் ஈடுசெய்தலும் காவலர் கடமை. இம்முறையில் மிரட்டலும் அடாத பணம் பறித்தலும் கலந்திருந்தன என்பதை மறுத்தற்கில்லை. பாளையப் போர்களை அடுத்துத் தேசகாவல் ஒழிக்கப்பட்டது. காவற்கூலியை வாழ்வாகக் கொண்டிருந்தோர்க்கு ஈடாக நிலமோ தொழிலோ போதிய அளவு அமையவில்லை. ஒரு நூற்றாண்டு கழிந்தபின், குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 இல் சென்னை மாகாணத்திற்கு வந்தது. முன்னர்க் காவலராயிருந்த குடிகளுட் சில பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்னும் வகையில் அடக்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947 இல் நீக்கப்பட்டது. பொற்கொல்லர் ஆயிரவர்மீது சென்ற அதே கருத்து, இங்குச் சட்டப் பிரிவாகவும் பதிவேடாகவும் வடிவு பெற்றதை அறிகின்றோம்.

கூட்டுப்பழியினின்று நகரமும் தப்பவில்லை. பாஞ்சாலங்குறிச்சியை அடுத்த ஒட்டப்பிடாரத்திற் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1906 இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்க்குத் துணைநின்றார். மார்ச் 12 இல் அவரும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். பின்னர்த் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டக் காவற்படை நிறுத்தப்பட்டது. அதன் செலவு நகர மக்கள்மேல் வரியாகச் சுமத்தப்பட்டது. கலகத்திற் கலந்தார், கலவாதார் என்னும் பகுப்பு வரியில் இல்லை. கரிசற் காட்டுச் சிற்றூரிற் பிறந்த ஒருவர் நகரத் தொழிலாளரின் குரலாகவும் நகரத்து அரசியலின் தலைவராகவும் விளங்கியமை, இவ்விரு நிலங்களுக்கும் இடையே அரசு எண்ணியது போன்ற மதில் இல்லை என்பதையும் உடன் காட்டுகின்றது.

6. பனங்காட்டைப் பற்றி எழுந்த நூல்

ஆட்சி செய்ததைப் போன்றே எழுத்தும் செய்தது. கொற்கையை அகழ்ந்து கண்ட கால்டுவெல் 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்தவர். தேரி மணலும் பனையும் நிறைந்த அப்பகுதி மக்களுக்குக் கல்வியளித்தவர். 1856 இல் வெளிவந்த அவரது ஒப்பிலக்கணமும், 1881 இல் வெளிவந்த திருநெல்வேலி வரலாறும் இன்றும் நமக்கு வேண்டிய நூல்கள். அவரே 1849 இல், பனைத்தொழில் செய்து வாழ்ந்த நாடார் சமுதாயத்தைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அவர்தம் சமயம், ஒழுக்கம், அறிவு ஆகியவற்றைத் தாழ்வாக மதிப்பிட்டதோடு, அவர் இலங்கையினின்று குடியேறியவர் என்றும் அந்நூல் கூறிற்று. அயல்நாட்டு வாசகர்க்குத் திருப்பணியின் தேவையை உணர்த்தும் நோக்கம் அதற்கு இருந்தது. அச்சமுதாயத்திற் கல்வி பெற்ற தலைமுறை எழுந்ததும் அந்நூலுக்கு எதிர்ப்பும் எழுந்தது. 1880களில் மறுப்பு நூல்களும் முறையீடுகளும் தோன்றின. கற்பித்தவரின் எழுத்தையே கற்றவர் மறுத்த இந்நிகழ்ச்சி நம் ஆய்வு வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது.

நாடார் சமுதாயத்தாருள் ஒரு பிரிவினர் கருப்பட்டியும் பிறவும் ஏற்றி வடக்கே வாணிகஞ் செய்து, சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் பேட்டைகள் அமைத்தனர். மகமை என்னும் பொதுநிதியால் பள்ளிகளும் சந்தைகளும் கண்டனர். கோயில் நுழைவு, ஊர்வலம் ஆகிய உரிமைகள் பற்றிய பூசல்கள் 1895 இல் கழுகுமலையிலும், 1899 இல் சிவகாசியிலும் குருதி சிந்தும் அளவிற்குச் சென்றன. 1910 இல் நாடார் மகாசன சங்கம் தோன்றியது. 1921 ஆம் ஆண்டு மக்கட் கணக்கெடுப்பையொட்டி நாடார் என்னும் பெயர் அரசு ஏடுகளில் இடம்பெற்றது. விருதுநகரிற் பிறந்த காமராசர் 1954 இல் சென்னை மாநில முதலமைச்சரானார். 1849 ஆம் ஆண்டு நூல் இயல்பென்று கூறியது, ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் வழியும் கல்வியும் அமைப்பும் வாய்த்தவிடத்து மாறக்கூடிய நிலை மட்டுமே என்பது விளங்கிற்று.

பேட்டைகளில் வாணிகஞ் செய்து வளம் பெற்றோருக்கும், தெற்கே பனையேறி வாழ்ந்தோருக்கும் இடையே தொடக்கத்தில் மணவுறவும் கலப்பும் அருகியே இருந்தன என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். பிறர் இகழ்ச்சியால் வருந்திய சமுதாயத்தினுள்ளும் நகர்–நாட்டு இடைவெளி தோன்றுதல் உண்டு. இதனை ஒரு சமுதாயத்தின் குறையாகக் கூறுதல் பொருந்தாது. எச்சமுதாயத்தினும் நிகழக்கூடிய பொதுநிலை இது. குலப்பெயரால் வரும் இகழ்ச்சியை வென்றபின்னும் இடப்பெயரால் வரும் இகழ்ச்சி எஞ்சி நிற்கும் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

7. ஆற்றுநீர் வழக்கு

பழமையோடு இவ்வேற்றுமை முடிந்துவிடவில்லை. பொருநையின் குறுக்கே அமைந்த எட்டு அணைக்கட்டுகளுள் இறுதியானது திருவைகுண்டம் அணைக்கட்டு. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த அதன் வடகாலும் தென்காலும் கடைமடைக் குளங்களை நிரப்பி வந்தன. தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கென நாளொன்றுக்கு 2 கோடி காலன் நீர் எடுக்கும் திட்டம் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குத் தொடங்கப்பட்டது. அணைக்கட்டு மணல்மேவிக் கொள்ளளவு குறைந்த நிலையில், வாழைக்கும் நெல்லுக்கும் நீரின்றி உழவர் கிளர்ந்தனர். தூர்வாருதல், நீர்ப்பங்கீடு ஆகியவை பற்றிய வழக்குகள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றன.

இவ்வழக்கில் இருதரப்பாரும் உயிர்வாழ்வைப் பற்றியே பேசுகின்றனர். தொழிற்சாலை வாயிலிற் கூலி பெறுவோன் பெரும்பாலும் இதே ஆற்றங்கரையிலோ கரிசலிலோ பிறந்தவன். வயலில் நிற்போனின் மகனோ மகளோ நகரத்தில் பணிபுரிதல் இன்று பொதுவழக்கு. நீரை எவ்வாறு பங்கிடுவது என்பதற்கு அளவையும் கணக்கும் சட்டமும் உள்ளன. உழவர் வளர்ச்சியைத் தடுப்போர் என்றோ, நகரத்தார் ஆற்றைத் திருடுவோர் என்றோ பெயரிட்டவுடன் கணக்கு மறைந்து பழி மட்டும் எஞ்சுகின்றது. கப்ப வழக்கு கொள்ளையர் வழக்காக மாறிய 1799 ஆம் ஆண்டுப் படிப்பினை இங்கு நினைக்கத்தக்கது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று, நகரென்றும் நாடென்றும் பிரிப்பது நிலைத்த பிரிவன்று. கொற்கை நிலமே இரண்டுமாக இருந்துள்ளது. இரண்டு, ஒருவர் செயலை அவர் பிறந்த குடிக்கோ வாழும் ஊர்க்கோ உரியதாக்கும் முறை, காப்பியத்தின் களவேள்வி, குற்றப் பரம்பரைப் பதிவேடு, தண்டக் காவல்வரி எனக் காலந்தோறும் வேறு வேறு வடிவில் மீண்டும் தோன்றியுள்ளது. மூன்று, இம்முறையால் முதற்கண் அழிவது வழக்கின் உட்பொருள். பழிக்கப்பட்டோர் துன்புறுகின்றனர், தீர்க்கப்பட வேண்டியதும் தீராமல் நிற்கின்றது.

ஆய்வாளராகிய நமக்கு இதன்கண் தனிப்பொறுப்பு உண்டு. நாம் சான்றாகக் கொள்ளும் எழுத்தேடுகளும் ஆவணங்களும் பெரும்பாலும் கோட்டையிலும் கச்சேரியிலும் நகரத்து அச்சகத்திலும் பிறந்தவை. அவற்றைத் தள்ளுதல் இயலாது. தனித்து நம்புதலும் தகாது. நெல்லையைச் சார்ந்த நா. வானமாமலை 1964 இல் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். கட்டபொம்மன் கதைப்பாடலையும் பதிப்பித்தார். ஏட்டிற் காணாத மறுதரப்பு பாட்டில் வாழ்கின்றது என்பதை அவர் முயற்சி காட்டியது. அம்முறையைப் பின்பற்றி, கொற்கை, அக்கசாலை, பழையகாயல், சிவகளை முதலிய ஊர்களின் வாய்மொழி வழக்குகளையும் இடப்பெயர்களையும் அகழாய்வுச் சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராய்தல் வேண்டும். சங்கறுத்தோர், முத்துக்குளித்தோர், பொன்வேலை செய்தோர், காவல் காத்தோர் ஆகியோரின் வரலாறு இன்னும் முறையாக எழுதப்படவில்லை. அவர்களைப் பற்றிப் பிறர் கூறியவை நம்மிடம் மிகுதியாக உள்ளன. அவர்கள் தம்மைப் பற்றிக் கூறியவற்றைத் தேடித் தொகுக்கும் பணியை முதுகலை மாணவரும் இளம் ஆராய்ச்சியாளரும் இவ்வட்டாரத்தினின்றே தொடங்கலாம்.